விருதுக்கு வாக்குப் போடுகிறவர் கண்ணில் எது படுகிறது? – ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். தரும் தனிநபர் விருதுகள் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: வாக்களிப்பவர்கள் ஓரவஞ்சனை செய்கிறார்களா? பதில்களுக்கு முன் ஒரு சொல் விளக்கம். ஆட்டக்காரர் அடித்த கோலையும், பிறர் கோலடிக்கக் கொடுத்த அசிஸ்டையும் கூட்டினால் வருவதைப் 'பாயிண்ட்' என்று எழுதியிருக்கிறோம். வாக்குச்சீட்டில் அவருக்குக் கிடைப்பது 'வாக்குப்புள்ளி'. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இந்த விருதுகளை லீக் நிர்வாகமே முடிவு செய்கிறதா? – வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. ஆனால் எல்லா விருதுக்கும் ஒரே கூட்டம் வாக்களிப்பதும் இல்லை. 'வாக்காளர்கள் இப்படித்தான்' என்று பொதுவாகத் திட்டுவதற்கு முன் எந்த வாக்காளர்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை, தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ், அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர், தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி, நன்னடத்தைக்கான லேடி பிங் ஆகியவற்றுக்கு ஹாக்கி பத்திரிகையாளர் சங்க உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். கோல்கீப்பருக்கான வெசினாவை 32 அணிகளின் பொது மேலாளர்கள் முடிவு செய்கிறார்கள். பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது வர்ணனையாளர்கள் கையில் இருக்கிறது. டெட் லிண்ட்சே விருதுக்கு ஆட்டக்காரர்களே வாக்களிக்கிறார்கள். அதிக பாயிண்ட்டுக்கான ஆர்ட் ராஸுக்கும் அதிக கோலுக்கான ராக்கெட் ரிச்சர்டுக்கும் வாக்கே கிடையாது. எண்ணிப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: ஒரே ஆண்டில் ஹார்ட் ஒருவருக்கும் லிண்ட்சே வேறொருவருக்கும் போகிறதே. இருவரில் யார் உண்மையில் சிறந்தவர்? – வாசகி, ஸ்கார்பரோ

இரண்டு விருதும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. லிண்ட்சே விருதின் கேள்வி 'மிகச் சிறப்பாக ஆடியவர் யார்?' என்பது. ஹார்ட் விருதின் கேள்வி 'தன் அணிக்கு மிகவும் மதிப்புமிக்கவர் யார்?' என்பது. அந்த 'தன் அணிக்கு' என்ற சொல் வழியாகத்தான் பாதிச் சாய்வு உள்ளே வருகிறது. மதிப்பை எப்படி அளப்பது என்று விதியில் ஒரு வரியும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கும் கதைக்கு ஏற்ப அளந்துகொள்கிறார்.

1988-89 பருவத்தைப் பாருங்கள். பிட்ஸ்பர்கின் மரியோ லெமியூ 85 கோல், 114 அசிஸ்ட், மொத்தம் 199 பாயிண்ட் எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறிய முதல் ஆண்டில் வேய்ன் கிரெட்ஸ்கி எடுத்தது 168. ஹார்ட் கிரெட்ஸ்கிக்குப் போனது. வாதம் இதுதான்: முந்தைய ஆண்டு அணிகளின் தரவரிசையில் 68 புள்ளியோடு கிடந்த கிங்ஸ் அணி அவர் வந்ததும் 91 புள்ளிக்கு ஏறியது. வாதம் பொய்யில்லை. ஆனால் அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் 1982-க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃபுக்குள் (பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) நுழைந்தது. லெமியூவுக்கும் அதே வாதத்தைச் சொல்லியிருக்கலாம், சொன்னவர்கள் குறைவு. கிரெட்ஸ்கி ஊர் மாறியது அந்த ஆண்டின் பெரிய செய்தி. வாக்கும் செய்தியின் பின்னால் போனது. ஆட்டக்காரர்களோ தங்கள் விருதை 155 பாயிண்ட் எடுத்த டெட்ராய்ட் ஸ்டீவ் ஐசர்மனுக்குக் கொடுத்தார்கள். ஆக, ஆட்டக்காரர் வாக்கு என்றால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் என்று எண்ணிவிடவும் கூடாது.

2017-18-இல் கானர் மெக்டேவிட் 108 பாயிண்ட்டோடு லீக்கிலேயே முதலிடம். எட்மன்டன் பிளேஆஃபுக்குப் போகவில்லை. ஹார்ட் வாக்கில் அவருக்கு ஐந்தாம் இடம், லிண்ட்சே அவருக்கே. ஹார்ட் வாங்கிய நியூ ஜெர்சியின் டெய்லர் ஹால் 93 பாயிண்ட் எடுத்தார், அவருடைய அணியில் அடுத்தவருக்கு 52. இந்த இடைவெளிதான் வாக்காளர்களை ஈர்த்தது. இதில் ஒரு கோளாறு இருக்கிறது: துணைக்கு நல்ல ஆட்டக்காரர் இல்லாத அணியில் ஆடுவது ஒருவருக்குத் தகுதியாகிவிடுகிறது. அதே சமயம் அணி பிளேஆஃபுக்குள் போகாத அளவுக்குப் பலவீனமாகவும் இருக்கக் கூடாது. அந்தக் குறுகிய சந்துக்குள் யாருடைய அணி விழுகிறது என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை.

2024-25-இல் வின்னிபெக் கோல்கீப்பர் கானர் ஹெலிபக் ஹார்ட் வாங்கினார். லிண்ட்சே 121 பாயிண்ட் எடுத்த நிகிதா குச்செரோவுக்குப் போனது. கோல்கீப்பருக்கு ஹார்ட் கிடைப்பது அபூர்வம். 2014-15-இல் மான்ட்ரியலின் கேரி பிரைஸுக்குப் பிறகு இவர்தான்.

கேள்வி: நூறு பேருக்கு மேல் வாக்களிக்கும்போது ஒருவருடைய பாரபட்சம் என்ன செய்துவிடும்? – வாசகர், மதுரை

போட்டி நெருக்கமாக இருந்தால் நிறையவே செய்யும். ஹார்ட் வாக்குச்சீட்டில் ஐந்து பெயர் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 10, அடுத்து 7, 5, 3, 1 என்று வாக்குப்புள்ளி.

அ, ஆ என்று இருவர் போட்டியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அ' முதல், 'ஆ' இரண்டாவது என்று எழுதவிருந்த ஒருவர் மனம் மாறி இருவரையும் இடம் மாற்றினால் 'ஆ'வுக்கு 3 கூடுகிறது, 'அ'வுக்கு 3 குறைகிறது. மொத்த அசைவு 6. இப்போது இன்னொருவர் 'ஆ'வைச் சீட்டிலேயே எழுதாமல் விட்டுவிடுகிறார். 'ஆ'வுக்கு 7 போய்விடுகிறது. ஒருவர் யோசித்து மனம் மாற்றிக்கொள்வதைவிட இன்னொருவர் வேண்டுமென்றே பெயரை விடுவது அதிக எடை கொண்டது. இந்த முறையின் மிக மோசமான ஓட்டை இதுதான் என்பது எங்கள் கருத்து. பொது மேலாளர்களின் 5-3-1 முறையிலும் இதே கதைதான். அங்கே மூன்று பெயர் மட்டுமே என்பதால் நல்லெண்ணத்தோடே ஒருவரை விட்டுவிட நேரும்.

நடந்தவை இரண்டு. 1999-2000-இல் ஹார்ட் வாக்குப்புள்ளியில் செயின்ட் லூயிஸின் கிறிஸ் புரோங்கர் 396, பிட்ஸ்பர்கின் யாரோமிர் யாகர் 395. ஒரே ஒரு வாக்காளர் யாகரை ஐந்திலிருந்து நான்காம் இடத்துக்கு ஏற்றியிருந்தால் கோப்பை கை மாறியிருக்கும். ஆட்டக்காரர்கள் தங்கள் விருதை யாகருக்குத்தான் கொடுத்தார்கள். 2001-02-இல் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜோசே தியோடோரும் கேல்கரியின் ஜரோம் இகின்லாவும் 434 என்று சமமாக நின்றார்கள். முதலிட வாக்கு அதிகம் என்பதால் தியோடோர் வென்றார். இகின்லா அந்த ஆண்டு கோலிலும் பாயிண்டிலும் லீக்கில் முதலிடம். கேல்கரி பிளேஆஃபுக்குப் போகவில்லை.

முன்னிலை பெரிதாக இருந்தால் எதுவும் ஆகாது. 2022-23-இல் 153 பாயிண்ட் எடுத்த மெக்டேவிட்டுக்கு 196 முதலிட வாக்குகளில் 195 கிடைத்தன. மீதி ஒருவர் அவரை ஐந்தாவதாக வைத்திருந்தார். இது நமக்குத் தெரிவதற்கே காரணம், 2018 முதல் பத்திரிகையாளர்கள் தங்கள் வாக்குச்சீட்டுகளைப் பெயரோடு வெளியிடுவதுதான். யார் எழுதினார் என்று ஊருக்குத் தெரியும்போது ஒருவரை வேண்டுமென்றே விட்டுவிடக் கை கூசும். கடந்த இருபது ஆண்டுகளில் இந்த விருதுகளுக்கு நடந்த மிக நல்ல சீர்திருத்தம் இது.

கேள்வி: மேற்குக் கரை ஆட்டக்காரர்களை யாரும் கவனிப்பதில்லை என்பது உண்மையா? – வாசகர், வான்கூவர்

கவனிப்பதில் உள்ள வேறுபாடு உண்மை. லீக்கின் அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவுகளாக ('மாநாடு') பிரிக்கப்பட்டவை. கிழக்கு மாநாட்டின் 16 அணிகளும் கிழக்கு நேர மண்டலத்திலேயே இருக்கின்றன. மேற்கில் ஆறு அணிகள் பசிபிக் நேரத்தில். வான்கூவரில் மாலை 7 மணிக்கு பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) விழும்போது டொரான்டோவிலும் பாஸ்டனிலும் இரவு 10 மணி. ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். தன் அணியின் ஆட்டத்துக்குச் செய்தி எழுதி முடித்த ஒருவர் அதையும் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஹார்ட் முடிவுகளில் இந்தச் சாய்வு பெரிதாகத் தெரியவில்லை. 2017 முதல் 2025 வரை ஒன்பது ஹார்ட் கோப்பைகளில் ஆறு, மேற்கு மாநாட்டு அணிகளில் ஆடியவர்களுக்கு: மெக்டேவிட் மூன்று முறை, டிரைசைட்டல், மக்கின்னன், ஹெலிபக். முதலிடத்துக்குப் போட்டியிடுகிறவரை எல்லோரும் எப்படியும் பார்த்துவிடுகிறார்கள். வாக்காளர்களும் எல்லா அணி நகரங்களிலிருந்தும் வருகிறார்கள். சந்தேகப்பட வேண்டியது சீட்டின் நான்காம், ஐந்தாம் வரிகளையும், செல்கி போன்ற 'கண்ணால் பார்த்தால்தான் தெரியும்' விருதுகளையும்தான்.

கேள்வி: நாரிஸ் கோப்பை தடுப்பாட்டத்துக்கா, கோலடிப்பதற்கா? – வாசகர், மார்க்கம்

சகலதுறைத் திறனுக்கு என்றுதான் விதி சொல்கிறது. நடைமுறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1982-83-இலும் 1983-84-இலும் வாஷிங்டனின் ராட் லாங்வே நாரிஸ் வாங்கினார். அவருடைய பாயிண்ட் முறையே 32, 33. அந்த இரண்டாம் ஆண்டில் எட்மன்டனின் பால் காஃபி எடுத்தது 126! அன்றைய வாக்காளர்கள் எதிரணியின் கோலைத் தடுப்பதற்குப் பெரிய மதிப்பு வைத்தார்கள். 2022-23-இல் சான் ஹோசேயின் எரிக் கார்ல்சன் 101 பாயிண்ட்டோடு வென்றார். அவருடைய பிளஸ்-மைனஸ் (அவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வேறுபாடு) கழித்தல் 26. அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை. ஹார்ட் விருதில் ஒருவரைக் கீழே தள்ளும் அதே காரணம் நாரிஸில் ஒரு பொருட்டாகவே இல்லை.

ஏன் இப்படி? அடித்த கோல் பலகையில் ஏறுகிறது. தடுத்த கோல் எங்கும் ஏறுவதில்லை. ஓர் அணியைத் தொடரும் பத்திரிகையாளர் அந்த அணியின் 82 ஆட்டங்களை முழுதாகப் பார்ப்பார். மற்ற அணிகளின் தடுப்பாட்டக்காரர்களைப் பருவத்துக்குச் சில முறைதான் நேரில் பார்ப்பார். ஏப்ரலில் சீட்டை நிரப்பும்போது நினைவு கைகொடுக்காது. பாயிண்ட் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக வருவார். பட்டியலில் பதினைந்தாவதாக இருக்கும் சிறந்த தடுப்பாட்டக்காரர் அங்கேயே தொலைந்துபோகிறார்.

பிளஸ்-மைனஸைப் பிடித்துக்கொண்டு கார்ல்சனைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும்போது) உங்கள் அணி அடிக்கும் கோல் அதில் சேராது. ஆனால் கடைசி நிமிடங்களில் நீங்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்திருக்கும்போது எதிரணி வெற்று வலையில் அடிக்கும் கோல் உங்கள் கணக்கில் கழியும். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், பின்தங்கிய நேரத்திலெல்லாம் களமிறக்கப்படும் நட்சத்திரத்துக்கு இந்த எண் எப்போதும் அநியாயம் செய்யும்.

'இந்த முறை இவருக்கு' என்ற மனப்போக்கும் உண்டு. 2015-16-இல் கார்ல்சன் 82 பாயிண்ட், லாஸ் ஏஞ்சலிஸின் டிரூ டவ்டி 51. நாரிஸ் டவ்டிக்கு. தற்காப்பில் டவ்டி உறுதியானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கார்ல்சனிடம் ஏற்கெனவே இரண்டு நாரிஸ் இருந்தன, டவ்டியிடம் ஒன்றும் இல்லை என்ற பேச்சும் அந்த ஆண்டு பலமாக இருந்தது. ஒரு பருவத்துக்கான விருதில் பழைய பாக்கியைத் தீர்ப்பது தவறு என்றே நாங்கள் நினைக்கிறோம். இந்த ஆண்டு பாக்கி தீர்த்தால் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குப் பாக்கி விழும்.

கேள்வி: பொது மேலாளர்கள் ஹாக்கி அறிந்தவர்கள்தானே? வெசினாவில் சாய்வு இருக்க வாய்ப்பில்லையே? – வாசகர், சென்னை

அறிந்தவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்கு நேரமில்லை. தங்கள் அணியை நடத்துவதே முழு வேலை. அதனால் வெற்றி எண்ணிக்கையும் பெரிய பெயரும் சீட்டில் முந்திக்கொள்கின்றன.

1980-81 வரை வெசினாவுக்கு வாக்கே இல்லை. குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்குத் தானாகப் போகும். அணியின் பலத்தைக் கோல்கீப்பரின் திறமையாக எண்ணிவிடக் கூடாது என்றுதான் 1981-82 முதல் வாக்குமுறை வந்தது. பழைய நோய் முழுதாக விடவில்லை. 2003-04-ஐ எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியின் மார்ட்டின் புரோடூர் 38 வெற்றி, தடுப்பு விகிதம் (வலையை நோக்கி வந்த ஷாட்டுகளில் அவர் தடுத்த பங்கு) 0.917. ஃபுளோரிடாவின் ராபர்ட்டோ லுவாங்கோ 25 வெற்றி, விகிதம் 0.931. லுவாங்கோ அந்தப் பருவத்தில் சந்தித்த ஷாட்டுகள் 2,475. வெசினா புரோடூருக்கு.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2,475-ஐ 0.917-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,270. லுவாங்கோ உண்மையில் தடுத்தது 2,303. அதாவது புரோடூரின் விகிதத்தில் ஆடியிருந்தால் ஃபுளோரிடா இன்னும் 33 கோல் வாங்கியிருக்கும். புரோடூர் தரப்பிலும் நியாயம் உண்டு. பக்கை வலைக்குப் பின்னால் போய் எடுத்துத் தானே வெளியே அனுப்புவதில் அவர் மன்னன், அதனால் எதிரணிக்கு ஷாட் வாய்ப்பே குறையும். விகிதத்தில் அது தெரியாது. ஆனாலும் 33 கோல் என்பது சின்ன இடைவெளி இல்லை.

கேள்வி: செல்கி விருது ஏன் எப்போதும் சென்டர் ஆட்டக்காரருக்கே? – வாசகி, மான்ட்ரியல்

முன்களத்தில் நடுவில் ஆடுபவர் சென்டர், பக்கவாட்டில் ஆடுபவர் விங். விங் ஆட்டக்காரருக்குக் கடைசியாகக் கிடைத்தது 2002-03-இல், டாலஸின் யெரே லெஹ்டினனுக்கு. சென்டருக்கு ஃபேஸ்ஆஃப் (நடுவர் இருவருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) வெற்றி விகிதம் என்ற கண்ணில் படும் எண் ஒன்று இருக்கிறது, விங்குக்கு இல்லை. தற்காப்பைக் காட்டும் எண் குறைவான இடத்தில், கிடைக்கும் ஒரே எண்ணுக்கு வாக்காளர்கள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை 'நல்ல தற்காப்பு' என்று பெயர் எடுத்தால் அந்தப் பெயரே பல ஆண்டு வாக்கு வாங்கித் தரும். பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் ஆறு முறை வாங்கினார். அவர் தகுதியானவர்தான். ஆனால் அவரோடு ஆடிய, பெயர் எடுக்காத விங்கர்களின் உழைப்பு யார் சீட்டிலும் ஏறவில்லை.

கேள்வி: பிளேஆஃபில் சொதப்பியவருக்கு எப்படி ஹார்ட் கொடுக்கிறார்கள்? – வாசகர், திருச்சி

பிளேஆஃப் தொடங்குவதற்கு முன்பே வாக்குச்சீட்டு போய்ச் சேர்ந்துவிடும். 2018-19-இல் ஹார்ட் வாங்கிய குச்செரோவ் 128 பாயிண்ட், டாம்பா பே 62 வெற்றி. முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். முடிவு அறிவிக்கப்பட்டது ஜூனில், வாக்கு விழுந்தது ஏப்ரலில்.

கேள்வி: ஒவெச்கின் ஒரே ஆண்டில் இரண்டு ஆல்-ஸ்டார் அணியிலும் இருந்தாராமே? – வாசகர், சிங்கப்பூர்

ஆம், 2012-13-இல். ஆல்-ஸ்டார் அணி என்பது ஒவ்வோர் இடத்துக்கும் பருவத்தின் சிறந்தவரை வாக்கில் தேர்ந்தெடுக்கும் பட்டியல். இடது விங்கில் பெயர் பெற்ற அலெக்ஸ் ஒவெச்கினை அந்தப் பருவத்தில் வாஷிங்டன் வலது விங்குக்கு மாற்றியிருந்தது. சிலர் வலது என்றும் சிலர் பழக்கத்தில் இடது என்றும் எழுதிவிட்டார்கள். முதல் அணியில் வலது விங், இரண்டாம் அணியில் இடது விங். இரண்டாம் அணியில் அவர் பெயர் ஏறியதால் அந்த ஆண்டு உண்மையில் இடது விங்கில் ஆடிய ஒருவர் இடம் இழந்தார். வாக்காளர் ஆட்டத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கேள்வி: ஜாக் ஆடம்ஸ் வாங்கிய பயிற்சியாளருக்கு அடுத்த ஆண்டு வேலை போகும் என்கிறார்களே? – வாசகர், யாழ்ப்பாணம்

சாபம் ஒன்றும் இல்லை, கணக்குதான். வர்ணனையாளர்கள் பெரும்பாலும் 'எதிர்பார்த்ததைவிட அதிகம் சாதித்த அணி' எது என்று பார்த்து வாக்களிக்கிறார்கள். அப்படிப்பட்ட அணியில் அந்த ஆண்டு கோல்கீப்பர் அசாதாரணமாக ஆடியிருப்பார், அடித்த ஷாட்டுகளும் வழக்கத்தைவிட அதிகமாக வலைக்குள் போயிருக்கும். இரண்டும் அடுத்த ஆண்டு சராசரிக்குத் திரும்பும். கொலராடோவுக்கு அணிகளின் தரவரிசையில் 112 புள்ளி எடுத்துத் தந்து 2014-இல் பாட்ரிக் ரோய் வாங்கினார். அடுத்த பருவம் 90 புள்ளி, பிளேஆஃப் இல்லை. 2015-இல் கேல்கரியின் பாப் ஹார்ட்லி வாங்கினார். 2016 மே மாதம் பதவி நீக்கப்பட்டார்.

மறுபக்கம், ஆண்டுதோறும் நன்றாக ஆடும் அணியின் பயிற்சியாளர் கண்ணிலேயே படுவதில்லை. ஒன்பது ஸ்டான்லி கோப்பை (லீக் சாம்பியனுக்கான கோப்பை) வென்ற ஸ்காட்டி போமனுக்கு இந்த விருது இரண்டே முறை. 2020, 2021 என்று அடுத்தடுத்து கோப்பை வென்ற ஜான் கூப்பருக்கு 2024-25 பருவம் வரை ஒருமுறைகூட இல்லை.

கேள்வி: உள்ளூர்ப் பத்திரிகையாளர் உள்ளூர் ஆட்டக்காரருக்குச் சாய்கிறாரா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், பிராம்ப்டன்

முடியும். ஒரு விரிதாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

பத்திரிகையாளர் சங்கம் வெளியிடும் சீட்டுகளிலிருந்து ஒரு விருதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு வாக்காளர். அவருடைய ஊர், நீங்கள் ஆராயும் ஆட்டக்காரருக்கு அவர் கொடுத்த வாக்குப்புள்ளி, இரண்டையும் எழுதுங்கள். பெயரே இல்லாத சீட்டுக்குப் பூஜ்யம் போட மறக்காதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், அந்தச் சீட்டை விட்டுவிட்டால் சராசரி பொய்யாகிவிடும். உள்ளூர் வாக்காளர்களின் சராசரியிலிருந்து மற்றவர்களின் சராசரியைக் கழியுங்கள். வருவதை உள்ளூர் வாக்காளர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதுதான் உள்ளூர்ச் சாய்வின் மொத்த எடை. அதை முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு, உள்ளூரில் ஐந்து பேர், அவர்கள் சராசரி 8, மற்றவர்கள் சராசரி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 3, எடை 15. 2017-18 ஹார்ட் வாக்கில் ஹாலுக்கு 1,264 வாக்குப்புள்ளி, இரண்டாம் இடம் வந்த நேதன் மக்கின்னனுக்கு 1,194, இடைவெளி 70. ஐந்து உள்ளூர்க்காரர்கள் பூஜ்யத்துக்குப் பதில் பத்துப் பத்தாகக் கொடுத்திருந்தாலும் 50-தான் வரும். உள்ளூர்ப் பாசம் மட்டும் அந்த முடிவைத் தந்திருக்காது. 2000-இன் ஒரு வாக்குப்புள்ளி இடைவெளிக்கு இதே எடை பதினைந்து மடங்கு அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐந்து பேரின் சராசரி எளிதில் ஆடும், ஆகவே ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டாமல் குறைந்தது நான்கைந்து ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். இரண்டாவது, சாய்வு தெரிந்தால் அது பாசமா, அறிவா என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் அந்த ஆட்டக்காரரை 82 முறை பார்த்தவர். பிறருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு: போட்டியாளருக்கு அவர்கள் எந்த இடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். தங்கள் ஊர்க்காரரை முதலிலும் போட்டியாளரை இரண்டாவதாகவும் எழுதியிருந்தால் அது கருத்து. நாடு முழுக்க இரண்டாவதாக எழுதிய ஒருவரை அவர்கள் மட்டும் ஐந்தாவதாகத் தள்ளியிருந்தாலோ விட்டிருந்தாலோ அது வேறு விஷயம்.

வெசினாவுக்கு மட்டும் இதைச் செய்ய முடியாது. 32 பொது மேலாளர்களின் தனித்தனிச் சீட்டுகள் வெளியே வருவதில்லை. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.